என் மீசையும் தம்பியின் இணைச்சீரும்

என் தம்பி கல்யாணத்தில் இணைச்சீருக்கு நான் உட்காரக் கூடாது என்று சொன்னது வேறு யாரும் அல்ல, என் தம்பியேதான். பெரியம்மா சொல்லியிருந்தால், அவளுக்கு வாய் நீளம், போகட்டும் என்று விட்டிருப்பேன். பெண் வீட்டார் சொல்லியிருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன். எங்கள் ஐயன் விஷக்காய்ச்சலில் போனபோது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பதினாலு. அப்பாவை நாங்கள் ஐயன் என்றுதான் கூப்பிடுவோம். அன்றிலிருந்து அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்தது, மூக்கைச் சிந்தி விட்டது, வாத்தியார் அடித்தால் பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சண்டை போட்டது எல்லாம் நான். அவன்தான் சொன்னான்.

எங்கள் பக்கத்துக் குடியானவர் கல்யாணத்தில், தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் இணைச்சீர் நடக்க வேண்டும். மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவளைக் கல்யாணப் பெண்ணைப் போலச் சிங்காரித்து அவன் பக்கத்தில் மணையில் உட்கார வைப்பார்கள். கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை இவள் கையில். நாளைக்குப் பிறக்கிற பிள்ளைகளைக் கொடுத்து வாங்கிக்கொள்வோம் என்று ஊர் முன்னால் உறுதி. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் மிச்சம் இருக்கிற மரியாதை அது ஒன்றுதான். காட்டிலும் தோட்டத்திலும் பங்கு கிடையாது. அதையும் பிடுங்கிப் பெரியம்மா மகளுக்குக் கொடுக்கிறதாகப் பேச்சு.

காரணம் என் மீசை. மூடி மறைக்க என்ன இருக்கிறது? இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு மேலுதட்டில் முளைத்தது. பிறகு தாடையில் வந்தது. முப்பது வயதுக்குள் காதோரத்திலிருந்து கழுத்துவரை இறங்கிவிட்டது. வெள்ளகோவில் பக்கம் என்னைக் கட்டிக்கொடுத்த ஊரில் என்னை மீசைக்காரியூடு என்று அடையாளம் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் தவிர எதைப் பற்றியும் பேசியதில்லை, அதனால் அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

ஆவணியில் நிச்சயம் முடிந்து, பெருந்துறைப் பக்கத்தில் எங்கள் அம்மா வீட்டில் உறவுக்காரர், ஒறம்பரையெல்லாம் சாப்பிட்டுக் கலைந்த பிறகு தம்பி என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டான். கோயம்புத்தூரில் காலேஜ் படித்து, ஒரு மில் ஆபீசில் உத்தியோகத்தில் இருந்தான். பெண்ணும் மில்காரர் வீட்டுப் பெண். அவன் சட்டைக் கையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தபோதே ஏதோ சரியில்லை என்று பட்டது.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. கல்யாணத்துக்குப் போட்டோப் புடிக்கறவரு வாராருங்க. பொண்ணூட்டு ஏற்பாடு. இணைச்சீர்ல மணையில உக்காந்தாப்பல ஒண்ணு புடிக்கறாங்க.”

“புடிக்கட்டும் சாமி. நல்லதுதான?”

“போட்டோன்னா எப்பவும் அப்படியே இருக்குமுங்களே அக்கா.”

“எது இருக்கும்?”

அவன் விரலால் மேலுதட்டைத் தொட்டுக் காட்டினான். அங்கே அவன் கோயம்புத்தூர்ச் சவரத்தில் மழமழவென்று இருந்தான். என்னுடையதைத்தான் சொன்னான்.

அவனைக் கிணற்றில் தள்ளிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே தோன்றியது. “தையிலதான கல்யாணம். அதுக்குள்ள என்ற மூஞ்சி சுத்தமாயிருச்சுன்னா?” என்று கேட்டேன். “ஆயிருச்சுன்னா நீங்கதானுங்க. உங்கள உட்டா எனக்கு யாரு இருக்கறா?” என்றான். பெரிய மனசு! உரிமையாக எனக்கு வர வேண்டியதை எனக்கே தவணை சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஐந்து மாசம் இருந்தது. நான் ஊருக்குத் திரும்பாமல் பிள்ளைகளோடு அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டேன். விஷயம் காற்றில் பரவி, வருகிறவள் போகிறவள் எல்லாம் வைத்தியச்சி ஆகிவிட்டாள். கஸ்தூரி மஞ்சள் என்றாள் ஒருத்தி. குப்பைமேனி இலை என்றாள் இன்னொருத்தி. பயத்தமாவில் பால்விட்டுத் தேய் என்றாள் மூன்றாமவள், அவள் முகத்திலேயே மருவும் தேமலும் மண்டிக் கிடந்தன. நான் மஞ்சளைப் பூசிப் பூசி, முகம் மாரியம்மன் கோயில் கல்லைப் போல ஆனதுதான் மிச்சம். மயிர் மஞ்சளாகி முன்னைவிட நன்றாகத் தெரிந்தது.

பிறகு முள்வாங்கி. காட்டில் வேலை செய்கிற வீடு எதிலும் முள்வாங்கி இல்லாமல் இருக்காது. காலில் தைத்த கருவேல முள்ளை எடுக்கிற அதே முள்வாங்கியை எடுத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டப் பத்து நாள். பிடுங்கின இடமெல்லாம் கொப்புளம் எழும்பிச் சீழ் வைத்தது. பெரியம்மா வந்து என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் தூக்கி, அந்தியூர்ச் சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிறவளைப் போல இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“பாவம், எதுக்கு இம்புட்டுப் பாடு? என்ற மவ உக்காந்தா என்ன, அவளும் உன்ற தம்பிக்கு அக்காதான?”

“உங்க மவளுக்குக் கூடப்பொறந்தவன் ஒருத்தன் பொறந்திருந்தா அவங்கூட உக்காரட்டுமுங்க. இது என்ற தம்பி” என்றேன். அவளுக்கு ஆண்பிள்ளை இல்லை. அது அவளுக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்தேதான் சொன்னேன். இன்றுவரை அதற்காக நான் வருத்தப்படவில்லை.

ஐப்பசியில் ஒரு விளம்பரம் பார்த்தேன். மெட்ராஸிலிருந்து வருகிற வாரப் பத்திரிகை, தம்பி வாங்கிப் போட்டது. ஒரு மருந்தாம். தடவினால் பெண்கள் முகத்து ரோமம் வேரோடு போய் ஆயுளுக்கும் முளைக்காதாம். வி.பி.பி.யில் வரவழைத்தேன். வந்த அன்று அந்தத் தபால்காரர் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? கடைவீதியில் நின்று, மேலே ஒட்டியிருந்த காகிதத்தை ஒரு எழுத்து விடாமல் உரக்கப் படித்து, “அம்மணி, இது உங்களுக்குத்தானுங்களா, மாப்பிள்ளைக்குங்களா?” என்று கேட்டார். டீக்கடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நாசமாய்ப் போக என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பணத்தைக் கட்டிக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். மருந்தைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம். பூசிக் கழுவினதும் மயிர் போனது உண்மை. நாலாவது நாள் அறுத்த சோளக்காட்டுத் தாளைப் போல முள்ளு முள்ளாக நின்றது. ஆயுள் என்று அவர்கள் சொன்னது ஈசலுடைய ஆயுள் போலிருக்கிறது.

கார்த்திகை முடியும்போது அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். கோயம்புத்தூரில் கோட்டைமேட்டுப் பக்கம் ஒரு யூனானி வைத்தியர் வீடு. அவர் ஆண்களுக்குப் பார்ப்பார், உள்ளே அவர் வீட்டம்மா பெண்களுக்குப் பார்ப்பார். ரயிலேறிப் போனோம். அந்தம்மா என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ஐயோ பாவம் என்றும் சொல்லவில்லை. இரண்டும் இல்லாத முகத்தை நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. உடம்பு மயிர் எடுக்க அவர்கள் வீடுகளில் பழக்கமாக வைத்திருக்கிற ஒரு பொடி இருக்கிறது, சுண்ணாம்பும் ஏதோ மஞ்சள் கல்லும் சேர்த்தது என்றார்.

“ஆனா இது ஒடம்புக்குத்தான் தாயி. மூஞ்சிக்கு நான் குடுக்கறதில்ல. மூஞ்சித் தோலு தாங்காது” என்றார்.

அம்மா விடுவாளா? காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். நானும் கெஞ்சினேன். கடைசியில் ஒரு மடிப்புப் பொடியைக் கொடுத்து, மூன்று தடவை சொன்னார். “ஒரு வெத்தல மென்னு துப்பற நேரம். அதுக்குள்ள கழுவிரோணும். சுருக்குன்னு ஒரு எரிச்சல் வந்தாலும் ஒடனே கழுவிரோணும். சொல்லிப்போட்டேன்.” எங்கள் இரண்டு பேர் வாயாலும் திருப்பிச் சொல்லவைத்துத்தான் அனுப்பினார்.

அடுத்த நாள் மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் உட்கார வைத்து அம்மா எனக்குப் பூசிவிட்டாள். ஒரு வெற்றிலையைப் போட்டு மென்றாள், துப்பினாள். நான் எழுந்திருக்கப் போனேன். என் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

“உக்காரு. இன்னும் ஈரமாவே இருக்குது.”

“கழுவச் சொன்னாங்களேங்கம்மா.”

“எந்தப் பத்தக் காயாமக் கழுவியிருக்கறோம்? காஞ்சு தானா உதுந்தாத்தான் வேருக்கு எறங்கும். அவுங்க பயந்துக்கிட்டுச் சொன்னது.”

எங்கள் வீடுகளில் சுளுக்குக்கும் பத்துதான், கட்டிக்கும் பத்துதான், தலைவலிக்கும் பத்துதான். பத்து என்றால் காய வேண்டும். காயாமல் எடுத்தால் வீண். இது எனக்கும் தாய்ப்பால் குடித்த நாளிலிருந்து தெரிந்ததுதான். அதனால் அம்மாவை மட்டும் சொல்லிப் பயனில்லை. எரிய ஆரம்பித்தபோதும் நான்தான், வேரைப் பிடித்துவிட்டது, இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை முளைக்கவே கூடாது என்ற வெறி. கழுவினபோது மயிரோடு தோலும் சேர்ந்து கையோடு வந்தது. நான் போட்ட கூச்சலில் தோட்டத்தில் ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

மறுபடியும் கோயம்புத்தூர். இந்தத் தடவை ஆஸ்பத்திரி. வெள்ளைக்கார லேடி டாக்டர் ஒருவர், தமிழ் பேசுவார், ஆனால் எல்லாரையும் அதட்டுகிற தமிழ். புண்ணைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்துபோயிற்று. அம்மாவைக் கன்னாபின்னாவென்று திட்டினார். பன்னிரண்டு நாள் அங்கேயே வைத்துக் கட்டுப் போட்டார். புண் ஆறிய பிறகு, எதற்காக இப்படிச் செய்தாய் என்று கேட்டார். சொன்னேன். இணைச்சீர் என்றால் அவருக்கு விளங்கவில்லை. மீசை மட்டும் விளங்கியது.

“இதற்கா? சவரம் செய். வாரத்துக்கு ஒரு தடவை. முடிந்தது” என்றார்.

அடர்த்தியாக வளரும் என்பார்களே என்றேன். அது வெறும் பேச்சு என்றார். நிரந்தரமாகப் போக வழியே இல்லையா என்று கேட்டேன். மின்சார ஊசியால் ஒவ்வொரு மயிராகச் சுடுகிற வைத்தியம் சீமையில் இருக்கிறது, அதற்கு வருஷக்கணக்கில் ஆகும், இங்கே கிடையாது என்றார். எக்ஸ்ரே வெளிச்சத்தைக் காட்டிப் போக்குகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதே, இதைவிட மோசமாக வெந்துபோவாய் என்றார்.

வெளியே வந்ததும் அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். “கட்டுக்கழுத்தி மூஞ்சில கத்தியா? வெளங்குமா? அவளுக்குத் தாலியா, நோம்பியா, என்ன தெரியும்? இதுக்கு ஒரு படிப்பு, ஒரு ஆசுபத்திரி!” ரயிலை விட்டு இறங்குகிறவரைக்கும் திட்டினாள். புருஷன் இருக்கிறவள் முகத்தில் சவரக்கத்தி பட்டால் அவன் ஆயுசுக்கு ஆகாது என்பது எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூட வேண்டாத விஷயம். நானும் அம்மாவோடு சேர்ந்து அந்த டாக்டரைத் திட்டினேன். நன்றி கெட்ட ஜென்மம் நான்.

தை பிறந்தது. என் முகத்தில் மேலுதட்டிலிருந்து தாடைவரை கறுப்பாக ஒரு திட்டு. அந்தத் திட்டைச் சுற்றி, வெந்துபோகாத இடங்களில், வரப்போரத்துப் புல்லைப் போல மயிர் மறுபடியும் தலைநீட்டிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பெரியம்மா மகள் புது ரவிக்கையோடு வந்து இறங்கினாள். யார் கேட்டு யார் தைத்தது என்று நான் விசாரிக்கவில்லை. தம்பி என்னை நேருக்கு நேர் பார்க்காமல் பந்தக்கால் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தான்.

எனக்கு மனசு விட்டுப் போயிற்று. உள்ளே போய் அம்மாவிடம், “தம்பியோட சவரக்கத்தி பொட்டியில இருக்குது. நான் வழிச்சுக்கப் போறேனுங்க” என்றேன்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நெல் குதிர் இருக்கிற அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

“வேண்டாஞ் சாமி. உனக்குத் தாலி வேணுமா, சீரு வேணுமா?”

“அந்தப் பேச்சயெல்லாம் உடுங்க. சும்மா ஊரு பேசறது.”

“ஊரு பேசறதில்ல. நாம் பட்டது.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். அவளுக்கும் இருந்ததாம். என்னைப் பெற்ற பிறகு வந்ததாம். ஊரில் பேறுகாலம் பார்க்க வருகிற நாவிதர் வீட்டம்மா பதினைந்து நாளைக்கு ஒரு தடவை மாட்டுச்சாளைக்குப் பின்னால் வந்து, யாருக்கும் தெரியாமல் வழித்துவிட்டுப் போவாராம். ஐயனுக்கே தெரியாதாம். பதினாலு வருஷம்.

“கடைசியா அவ வழிச்சு உட்டுப் போட்டுப் போனா. மூணா நாளு உங்கய்யன் காச்சல்ல படுத்தாரு. எந்திரிக்கவே இல்ல. நாந்தாங் கண்ணு. நாந்தான் அவர அனுப்பிப் போட்டேன்.”

ஐயன் போன பிறகு அம்மாவின் தாடையில் மயிர் வளர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். துக்கத்தில் உடம்பு கெட்டு வந்தது என்று நினைத்திருந்தேன். வெள்ளைச்சேலை கட்டினவள் முகத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

அவள்மேல் எனக்கு அப்போது இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. பிறந்ததிலிருந்து அம்மாவை ‘ங்க’ போடாமல் பேசியதில்லை. அன்று பேசினேன்.

“உனக்குத் தெரியும். கத்தியில போகும்னு உனக்குத் தெரியும். நான் முள்வாங்கியில புடுங்கினப்பப் பாத்துக்கிட்டு இருந்த. தோலு உரிய உரிய என்னப் புடிச்சு அழுத்தி உக்கார வெச்ச. ஒரு வார்த்த சொன்னியா?”

“சொன்னா நீ வழிச்சுக்குவியே சாமி.”

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். வாசலில் என் வீட்டுக்காரர் அப்போதுதான் வண்டியை அவிழ்த்து, காளைகளை நிழலில் கட்டிக்கொண்டிருந்தார். நேரே அவரிடம் போனேன். ஆயுசு அவருடையது, அவரைத்தானே கேட்க வேண்டும்?

“ஏனுங்க, நான் மூஞ்சிய வழிச்சுக்கலாம்னு இருக்கறேன். வழிச்சா உங்க உசுருக்கு ஆகாதுங்கறாங்க. என்ன சொல்றீங்க?”

அவர் என்னைப் பார்த்தார். காளையைப் பார்த்தார். ரொம்ப நேரம் யோசிக்கிறாரே, பயந்துவிட்டார் போல என்று நினைத்தேன்.

“வாரா வாரம் என்ற மூஞ்சிய வழிச்சுக்கிட்டுத்தான இருக்கறன். அதுக்கு நீ செத்தா போயிட்ட?” என்றார். பிறகு, “வழிச்சுத் தொல. மாட்டுக்குத் தண்ணி காட்டோணும், தொட்டி எங்க?” என்றார்.

பதினாலு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒட்டுக்கா வந்தது.

இணைச்சீர் அன்று விடிந்ததும் தம்பியின் பெட்டியிலிருந்து அந்தக் கோயம்புத்தூர்ச் சவரக்கத்தியை எடுத்துக்கொண்டு மாட்டுச்சாளைக்குப் பின்னால் போனேன். வண்டிச் சக்கரத்து ஆரக்காலில் கண்ணாடியைச் சொருகி வைத்துச் சோப்புப் போட்டு வழித்தேன். தழும்போரத்தில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டேன். அவனுடைய படிகாரத்தையே எடுத்துத் தேய்த்துக்கொண்டேன். சோறு வேகிற நேரம்கூட ஆகவில்லை. ஐந்து மாசம் நான் பட்ட பாடெல்லாம் இதற்குத்தானா என்று கண்ணாடியைப் பார்த்துக் காறித் துப்பினேன்.

பந்தலில் முதல் காரியமே மாப்பிள்ளைக்கு முகம் வழிப்பது. மேளம் கொட்ட, ஊரே சுற்றி நிற்க, நாவிதர் மரியாதையாகத் தம்பியின் முகத்தை வழித்தார். அவன் கன்னத்தில் கத்தி பட்டால் மங்கலம், என் கன்னத்தில் பட்டால் எமன். இந்தச் சட்டத்தைப் போட்டவன் என் கையில் கிடைத்தால் அந்தப் பொடியைக் குழைத்து அவன் மூஞ்சியில் பூசிக் காயவிடுவேன்.

நான் போய் யாரையும் கேட்காமல் மணையில் உட்கார்ந்தேன். பெரியம்மா மகள் புது ரவிக்கையோடு நின்றபடி நின்றாள். சீர் நடத்துகிற அருமைக்காரர் ஒரு நிமிஷம் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, கூறைச்சேலையின் முனையை என் கையில் கொடுத்தார். தம்பி என் பக்கம் குனிந்தான்.

“அக்கா, அந்த மெட்ராஸ் மருந்து கேட்டுப்போச்சுங்களா?”

“உன்ற கத்தி கேட்டுது” என்றேன்.

அவன் மூஞ்சியைப் பார்த்திருக்க வேண்டும். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு அசையாதீங்க என்றார், அசையாமல் உட்கார்ந்தோம். பிற்பாடு வந்த அந்தப் போட்டோவில் என் முகம் எள்ளளவு. முக்காடு வேறு. அது நானா, பெரியம்மா மகளா என்று எனக்கே சந்தேகம் வரும்.

அம்மா பந்தலுக்குள் வரக்கூடாதே, அதனால் கதவு நிலைக்குப் பின்னால் நின்றிருந்தாள். சீர் முடிகிற வரைக்கும் ஒரு தடவைகூட அவள் என்னைப் பார்க்கவில்லை. பந்தல் ஓரத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பாக்குத் துண்டு புரைக்கேறி இருமினார். அவள் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான் வாரம் ஒரு தடவை வழித்துக்கொண்டேன். ஒளித்தெல்லாம் செய்யவில்லை. அம்மாவோடு பேச்சு குறைந்துபோயிற்று. நான் போனால் அவள் முதலில் கேட்பது, “மாப்பிள்ளைக்கு ஒடம்புக்கு நல்லாருக்குதா?” என்றுதான். அது விசாரிப்பு அல்ல, வேவு. எனக்கு எரியும்.

இரண்டு வருஷம் கழித்து அவர் காய்ச்சலில் விழுந்தார். ஐயனுக்கு வந்த அதே விஷக்காய்ச்சல். ஏழாம் நாள் பிதற்ற ஆரம்பித்துவிட்டார். அம்மா வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கி, வாசல்படி ஏறுவதற்கு முன்னாலேயே, “வழிச்சீல்ல? இப்பப் பாத்துக்க” என்றாள். பெற்றவள் சொல்கிற வார்த்தையா அது? நான் அவளை வெளியே போகச் சொன்னேன். அவள் போகவில்லை. நானும் துரத்த நேரமில்லாமல் அவருக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நாட்களில் நானும் என் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வெள்ளைக்கார டாக்டரம்மா சொன்னதெல்லாம் மறந்து, அம்மா சொன்னதுதான் காதில் இரைந்தது.

இருபத்தொன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அவர் கண்ணைத் திறந்து, காளைகளுக்குத் தண்ணீர் காட்டியாகிவிட்டதா என்று கேட்டார். பிறகு ரசஞ்சோறு கேட்டார்.

ஊட்டிவிட்டு வெளியே வந்தேன். அம்மா வேலி ஓரத்தில் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக நான் சேர்த்து வைத்திருந்தது ஒன்று உண்டு. பாத்தீங்களா, நான் வழிச்சேன், அவர் இருக்கறாரு, எதுக்காக என்ற மூஞ்சிய வேக வெச்சீங்க என்று முகத்துக்கு நேராகக் கேட்க வேண்டும். அதைக் கேட்கத்தான் போனேன்.

அவள் என்னை முந்திக்கொண்டாள். “படுக்கற வாரங்கூட நீ வழிச்சியா?”

“ஆமாங்க. வழிச்சேன்.”

“ஆனாலும் எந்திரிச்சுட்டாரு.”

“எந்திரிச்சுட்டாருங்க.”

அவள் தாடையில் கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். பதினெட்டு வருஷமாகக் கத்தி படாத தாடை.

“அப்பறம் உங்கய்யன் எதுக்குங் கண்ணு போனாரு?” என்றாள்.

காய்ச்சல்தானுங்கம்மா என்று சொல்லிவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.